பேரில்லாதவனுக்குக் குழி இல்லை

போடியிலிருந்து மலைக்குத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் வேலுச்சாமி ஒரு தவறு செய்தார். வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

அப்படிப் படிக்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர், சங்கீதப் புத்தகத்தையும் நான்கு சுவிசேஷங்களையும் விரலால் தொட்டுக் காட்டி, "உங்களுக்கு இது போதும்" என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் விடிந்ததும் ஆட்களை ஏற்றிப்போய்ப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டால், திரும்ப ஏற்றிவரும் நேரம்வரை ஜீப்பிலேயே கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடினார்கள். வேலுச்சாமிக்குச் சீட்டு வராது. ஆகவே படித்தார். இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் முழுவதையும் படித்துவிட்டார். சந்தேகம் வந்துவிட்டது.

"இயேசு சனிக்கிழமை ஓய்வெடுத்திருக்காரு. பன்னிக்கறி தொட்டதில்ல. சட்டை ஓரத்துல நூல் குஞ்சம் வச்சிருக்காரு. அவரத்தேன் நம்புறோம்ங்கிறோம், அவரு செஞ்சதுல ஒண்ணையுஞ் செய்யக் காணோமே?" என்று மனைவி காளீஸ்வரியிடம் கேட்டார்.

"போதகர்ட்டக் கேக்கலாம்ல?"

"கேட்டுட்டேன். மோசேயோட சட்டமெல்லாம் சிலுவையோட முடிஞ்சுபோச்சுங்கிறாரு."

"அப்பக் களவாங்கக்கூடாதுங்கிறதும் முடிஞ்சுபோச்சாமா?" என்றாள் காளீஸ்வரி.

இப்படித்தான் அது தொடங்கியது. வேலுச்சாமி சனிக்கிழமைகளில் ஜீப் எடுப்பதை நிறுத்தினார். அவருடைய நண்பர் மொக்கையனும் சேர்ந்துகொண்டார். மொக்கையன் மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புப் போடுகிறவர். ஐம்பத்திரண்டு வயது. எதையும் உரக்கச் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பவர். சிலமலையில் இருந்த அவருடைய வீட்டில் சனிக்கிழமைதோறும் பதினோரு பேர் கூடினார்கள். மோசேயின் ஐந்து நூல்களிலிருந்து ஒரு பகுதி, சுவிசேஷத்திலிருந்து ஒரு பகுதி, பிறகு சாப்பாடு. புளிப்பில்லாத அப்பப் பண்டிகைக்கு மொக்கையனின் மனைவி பேச்சி ஏழு நாளும் சப்பாத்தி சுட்டாள். கூடாரப் பண்டிகைக்கு மொட்டைமாடியில் தென்னங்கீற்றுப் போட்டு ஏழு நாள் படுத்தார்கள். அக்கம்பக்கத்தில், "வீடு ஒழுகுதா ஆத்தா?" என்று விசாரித்தார்கள். "இல்ல, பண்டிகை" என்றாள் பேச்சி. "அப்பிடியா" என்று போய்விட்டார்கள். ஊரில் அவர்களைச் சனிக்கிழமைக்காரர்கள் என்றார்கள். அதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

குறை இருந்தது பேரவைக்கு.

போடி வட்டாரச் சபைகள் ஐக்கியப் பேரவை முதலில் ஒன்றாகத்தான் இருந்தது. பிறகு ஐக்கியத்தின்மேல் கொண்ட வைராக்கியத்தால் மூன்றாகப் பிரிந்தது. பொதுக் கல்லறைத் தோட்டத்தின் சாவி எந்தப் பிரிவின் கையில் இருந்ததோ, அதுவே உண்மையான ஐக்கியம் என்று அறியப்பட்டது. அதன் தலைவர் ரெவரெண்ட் டாக்டர் அருள்பாண்டி. எதில் டாக்டர் என்று கேட்டவர்கள் அடுத்த கூட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை.

பேரவை ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி, வேலுச்சாமியையும் மொக்கையனையும் வரவழைத்தது. மேடையில் 'அன்பே பிரதானம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அருள்பாண்டி எழுந்து பேசினார்.

"சகோதரரே, உங்க விசுவாசத்தப் பத்தி எங்களுக்குக் கேள்வியே இல்ல. அது உங்களுக்கும் கர்த்தருக்கும் உள்ள விஷயம். எங்களுக்கு வேண்டியது பேரு. ஆடு காணாமப் போனா மேய்ப்பன் தேடுவான். ஆனா எந்தப் பட்டி ஆடுன்னு சூடு போட்டிருந்தாத்தானே தேட முடியும்? நல்ல ஆடா நோய்ப்பட்ட ஆடாங்கிறது இந்தப் பேரவைக்கு முக்கியமில்ல. சூடு முக்கியம்."

பலத்த கைதட்டல்.

"இயேசுவ நம்புறவங்கன்னு போட்டுக்கங்கய்யா" என்றார் வேலுச்சாமி.

"அது எல்லாருக்கும் பொதுவான பேராச்சே. அதனால அதை யாரும் பயன்படுத்துறதில்ல" என்றார் அருள்பாண்டி.

பெயர்கள் முன்மொழியப்பட்டன. யூதக் கிறிஸ்தவர் என்று ஒருவர் சொன்னார். இவர்கள் யூதர்கள் இல்லையே, சிலமலைக்காரர்கள்தானே என்று ஆட்சேபம் எழுந்தது. நியாயப்பிரமாணக்காரர், பின்வாங்கிப்போனோர், கள்ள உபதேசிகள் ஆகியவை வந்தன. ஒரு மெலிந்த போதகர் அரை யூதர் என்றார். ஒரு தடித்த போதகர், அரை என்பது மிக அதிகம், கால் யூதர் என்பதே வேதத்துக்கு உட்பட்டது என்றார். மெலிந்தவர் எந்த வசனத்தில் என்று கேட்டார். தடித்தவர் வசனத்தைச் சொல்லாமல் நாற்காலியை எடுத்தார்.

அது பிளாஸ்டிக் நாற்காலி. அதனால் முதல் அடி பெரிதாக இல்லை. மெலிந்தவர் பேனர் கட்டியிருந்த இரும்புக் குழாயை உருவினார். அன்பு தரையில் விழுந்தது. அடுத்த கால்மணி நேரத்தில் அரை என்று நம்பியவர்களும் கால் என்று நம்பியவர்களும் ஒருவர் காதை ஒருவர் பிடித்துத் திருகிக்கொண்டும், மைக்கை வைத்து மண்டையில் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். மைக் வேலை செய்துகொண்டிருந்ததால் ஒவ்வொரு மண்டையும் மண்டபம் முழுக்கக் கேட்டது. விலக்கிவிடப் போன வேலுச்சாமியின் முன்பல் ஒன்று போனது. யார் கை என்று தெரியவில்லை. மொக்கையன் மேசைக்கடியில் தவழ்ந்துபோய்ப் பல்லைத் தேடியெடுத்துத் துண்டில் முடிந்தார்.

"ஏப்பா, இது அரைப் பல்லா கால் பல்லா?" என்று உரக்கக் கேட்டார். அதற்காக அவருக்கும் இரண்டு விழுந்தது.

அன்றைய கூட்டக் குறிப்பில், 'ஆழமான கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது. பதினான்கு தையல்கள். முடிவு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதப்பட்டது.

இந்தச் செய்தி வாட்ஸப்பில் பரவி ராசிங்காபுரம் சென்றது. அங்கே ரப்பி சூர்யபிரகாஷ் இருந்தார். மூன்று வருடங்களுக்கு முன்புவரை அவர் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்றவர். பிறகு இணையத்தில் பதினோரு வாரப் படிப்புப் படித்து, தன்னை ரப்பி, அதாவது யூத மதகுரு, என்று அறிவித்துக்கொண்டார். தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் இருபது முப்பது பேர் அவரிடம் வந்தார்கள். அவர்களும் இயேசுவை நம்பி, தோரா என்று அவர்கள் சொல்லும் மோசேயின் சட்டங்களைக் கைக்கொள்கிறவர்கள்தான். 'வாருங்கள், நீங்கள் எங்கள் இரத்தம்' என்று சூர்யபிரகாஷ் வேலுச்சாமிக்குக் குரல் செய்தி அனுப்பினார்.

வேலுச்சாமி அதைக் கேட்டுக் கண்கலங்கினார். தங்களைப்போல் இன்னும் சிலர் பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் இருக்கிறார்கள் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவரும் மொக்கையனும் நடந்தே ராசிங்காபுரம் போனார்கள்.

சூர்யபிரகாஷ் அவர்களை அணைத்துக்கொண்டார். பிறகு உட்காரவைத்து விளக்கினார்.

"இயேசுவையும் நம்பி யூத முறையையும் பேணுறவங்களுக்கு மேசியானிக்னு பேரு. அந்தப் பேரு இந்த வட்டாரத்துல நம்மகிட்டத்தான் இருக்கு. பேரு வேணும்னா நம்ம வழியாத்தான் வரணும். ரெண்டே நிபந்தனை. ஒண்ணு, விருத்தசேதனம். நுனித்தோல வெட்டுறது. பொறந்து எட்டாம் நாள் செய்யணும்."

"எனக்கு அம்பத்திரண்டு வயசாகுதுங்க" என்றார் மொக்கையன்.

"விண்ணப்பம் குடுத்த நாள்லருந்து எட்டாம் நாள். பயப்படாதீங்க. பாண்டித்துரை பாத்துக்குவாரு. நல்ல கைப்பழக்கம்."

பாண்டித்துரை ஓரமாக நின்றிருந்தான். முப்பது வயது. மாட்டு வைத்தியர் ஒருவரிடம் உதவியாளனாக இருந்தவன். மொக்கையன் காலை நெருக்கி வைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது, ஆண்டவர் பேரச் சரியா உச்சரிக்கணும். இயேசுன்னு சொன்னா அது வேற யாரையோ கூப்புடுறது மாதிரி."

இந்த இரண்டாவது நிபந்தனை அந்தக் கூடத்தில் இன்னும் தீர்ந்திருக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. இடதுபக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் யெஷுவா என்றார்கள். வலதுபக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து யாஹ்ஷுவா என்றார்கள். நடுவில் ஒருவர் மட்டும் யஹோஷுவா என்றார். அவரை இரண்டு பக்கத்துக்காரர்களும் ஏற்கெனவே ஒருமுறை அடித்திருந்ததால் மெதுவாகச் சொன்னார். சூர்யபிரகாஷ் மேசையைத் தட்டினார். யெஷுவா பக்கத்திலிருந்து ஒரு செருப்பு பறந்தது. யாஹ்ஷுவா பக்கத்திலிருந்து ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வந்தது.

மொக்கையனுக்கு அடக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினார்.

"ஏய்யா! எங்காத்தா கடைசிவரைக்கும் என்னய மொக்கச்சாமின்னுதேன் கூப்பிட்டா. பள்ளிக்கூடத்துல மொக்கையாண்டி. எதச் சொன்னாலும் திரும்பிப் பாத்தேன்ல? எனக்கே அம்புட்டு அறிவிருக்கு. அவருக்கு இருக்காதா?"

ஓரத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. பிறகு, இரண்டு வருடமாக ஒன்றுசேராத இரண்டு பக்கமும் ஒன்றுசேர்ந்தது. முப்பது பேரும் அவர்மேல் விழுந்தார்கள். வேலுச்சாமியை இருவர் கீழே தள்ளி முதுகில் உட்கார்ந்துகொண்டார்கள். அவருக்குக் கால்கள் மட்டுமே தெரிந்தன. பண்டிகைக்கு ஊதும் கொம்பு ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. எந்தத் தேசத்து மானுடையதோ, மூன்றடி நீளம், முறுக்கிய உருவம். அது சுவரை விட்டு இறங்கியதை அவர் பார்த்தார். மண்டையில் விழுந்த சத்தத்தைக் கேட்டார். யார் கையில் இருந்தது என்று பார்க்க முடியவில்லை.

மொக்கையன் எழுந்து தூசி தட்டினார். காதுக்கு மேலே எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. "பேரு கெடைக்கல. வெட்டும் கெடைக்கல. பொழச்சேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஆசுபத்திரிக்கு வா என்று வேலுச்சாமி மூன்றுமுறை கூப்பிட்டார். "அடுப்பு அணைஞ்சா காய் கறுத்துப்போகும்பா" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையே மலைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் இறங்கும்போது வேலுச்சாமியின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் பதினான்கு பெண்கள். போடிமெட்டைத் தாண்டி மூன்றாவது வளைவில், "கொஞ்சம் வெரசாப் போப்பா, தலை கனமா இருக்கு" என்றார். ஐந்தாவது வளைவில் வெளியே தலைநீட்டி வாந்தி எடுத்தார். பிறகு வேலுச்சாமியின் தோளில் சாய்ந்துகொண்டார். வளைவுகளில் வண்டியைத் திருப்பத் திருப்ப அந்தத் தலை அவர் தோளில் உருண்டது. ஒன்பதாவது வளைவுக்குப் பிறகு அதன் எடை மாறிவிட்டதை வேலுச்சாமி உணர்ந்தார். நிறுத்தவில்லை. அழுதுகொண்டே அடிவாரம்வரை ஓட்டினார்.

மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தது என்று டாக்டர் எழுதினார். சப் இன்ஸ்பெக்டர் அருள்மொழி, நாற்பது வயதுப் பெண்மணி, ராசிங்காபுரம் போய் விசாரித்தார். முப்பது பேரும் ஒரே வாக்குமூலம் கொடுத்தார்கள்: சம்பவத்தின்போது கண்களை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

"முப்பது பேருமா?"

"எங்க சபையில ஜெபத்துக்குக் கண் திறக்குற வழக்கம் இல்லைங்க" என்றார் சூர்யபிரகாஷ்.

"கொம்பு எங்க?"

"பாலிஷுக்குக் குடுத்திருக்கோம்."

செவ்வாய்க்கிழமை மதியம் உடலை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு முன்னால் அருள்பாண்டி சாவியோடு நின்றிருந்தார். பின்னால் பேரவை நின்றது. சிலருக்குத் தையல் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"தொறந்துவிடுங்கய்யா. நேரமாகுது" என்றாள் பேச்சி.

"திறக்கத்தான்மா வந்திருக்கேன். சாவி என் கையிலதான் இருக்கு, பாருங்க. ஆனா எந்த வரிசையில வைக்கிறது? ஒவ்வொரு சபைக்கும் ஒரு வரிசை. நாளைக்கே எக்காளம் முழங்குது, எல்லாரும் எழுந்திருக்காங்கன்னு வைங்க. இந்தச் சகோதரர் எழுந்து எங்க போய் நிப்பாரு? குழப்பம் அவருக்கா? அவருக்கில்ல. எனக்கு. உயிர்த்தெழுதல் ஒழுங்கா நடக்கணும்னா பேரவை முன்கூட்டியே திட்டமிடணும்."

"மண்ணு பேரு கேக்குதாய்யா?"

"மண் கேக்காதும்மா. அதனாலதான் நாங்க கேக்குறோம்."

அந்த இடத்திலேயே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. அரை யூதருக்கும் கால் யூதருக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு யூதர் என்று சமரசம் முன்வைக்கப்பட்டு, கைகள் உயர்ந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு வேனில் சூர்யபிரகாஷ் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். சிலுவை நட்ட நிலத்தில் தங்கள் சகோதரனைப் புதைக்க விடமாட்டோம் என்றார்.

"ஒங்க சகோதரனா?" என்று வேலுச்சாமி அவர்மேல் பாய்ந்தார். நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் கல் யார் எறிந்தது என்பதில் இன்றுவரை இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவது கல் ஆம்புலன்ஸ் கண்ணாடியை உடைத்தது. டிரைவர் இறங்கி ஓடினார். மாலைகள் சாட்டைகளாயின. சூர்யபிரகாஷின் தாடியை மெலிந்த போதகர் பிடித்து இழுக்க, ஒரு கொத்து அவர் கையோடு வந்தது. தடித்த போதகரை இருவர் கேட்டுக் கம்பியில் மோதினார்கள். முட்டி மோதிக்கொண்டு ஒரு கும்பல் ஆம்புலன்ஸின் பின்கதவில் சாய, கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் சறுக்கியது. வெள்ளைத் துணி சுற்றிய மொக்கையன் தார்ரோட்டில் முகம் குப்புற விழுந்தார். அவர்மேல் இரண்டு பேர் மிதித்து ஓடினார்கள்.

பேச்சி உட்கார்ந்து தன் புருசனைப் புரட்டிப்போட்டு, முகத்தில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள்.

அவளுடைய அண்ணன் ஜக்கையன் அதுவரை ஒதுங்கியே நின்றிருந்தார். அவர் சிலமலையில் விவசாயம் செய்கிறவர். தங்கை மதம் மாறியதில் அவருக்கு வருத்தம் உண்டு, ஆனால் பேச்சுவார்த்தையை நிறுத்தியதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மொக்கையனைக் கைகளில் தூக்கினார்.

"வேலு, ஜீப்ப எடு. எம் மச்சான எங் காட்டுல வச்சுக்கிறேன். எங்கய்யாவும் அங்கனதேன் கெடக்காரு. நீங்க ஒங்க செபத்தப் பண்ணிக்கங்க. நான் குழி வெட்டுறேன்."

அன்று சாயங்காலம் சோளக்காட்டின் ஓரத்தில், சனிக்கிழமைக்காரர்களில் மீதிப் பத்துப் பேரும் ஜக்கையன் வீட்டாரும் நிற்க, மொக்கையன் புதைக்கப்பட்டார். வேலுச்சாமி ஒரு சங்கீதம் வாசித்தார். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து பாதி வார்த்தைகள் சரியாக வரவில்லை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் உடல் தார்ரோட்டில் விழுந்ததை யாரோ படம் பிடித்திருந்தார்கள். எந்த ஊரிலோ இருந்த எவரோ அதன்கீழே 'போடி மண்ணின் இரத்தசாட்சி' என்று எழுதிப் பரப்பினார். வியாழக்கிழமைக்குள் அது நாலாயிரம் கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரத்தசாட்சி என்றால், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர் என்றால், சாதாரண விஷயமில்லை. போடி வட்டாரத்தில் எந்தச் சபையிடமும் அப்படி ஒருவர் இல்லை. வியாழக்கிழமை மாலையே பேரவை கூடி, சண்டையின்றி, ஒருமனதாக, சனிக்கிழமைக்காரர்களுக்குப் 'பிரமாணம் பேணும் ஐக்கியப் பேரவைக் கிறிஸ்தவர்கள்' என்று பெயர் சூட்டியது. அதே மாலை ராசிங்காபுரத்தில் மொக்கையனுக்கு ரப்பி பட்டம் வழங்கப்பட்டது. விருத்தசேதனம் இதயத்தில் நடந்தாலே போதும் என்று சூர்யபிரகாஷ் விளக்கம் அளித்தார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு ஊர்வலங்கள் சிலமலைக்கு வந்தன. இரண்டிலும் சலவைக்கல்லில் வெட்டிய பெயர்ப்பலகை இருந்தது. பேரவைக்காரர்கள் கூடுதலாக மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டுவந்திருந்தார்கள்.

"அம்மா, உங்க கணவருக்கு முதல் வரிசையில இடம் ஒதுக்கியிருக்கோம். தோண்டி எடுத்து மரியாதையோட கொண்டுபோறோம்" என்றார் அருள்பாண்டி. "அன்னிக்குப் பூட்டியிருந்த கேட்டப் பத்தி மனசுல வச்சுக்காதீங்க. பேரவை உயிரோட இருக்கிறவங்களையே அடிக்கடி தப்பாப் புரிஞ்சுக்கிது. செத்தவங்களப் புரிஞ்சுக்கக் கொஞ்சம் நாளாகும்."

பேச்சி போய்ப் புதைகுழிமேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். காளீஸ்வரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சூர்யபிரகாஷின் ஆட்கள் தங்கள் கல்லை நட ஓடிவந்தார்கள். பேரவைக்காரர்கள் கடப்பாரையோடு மறித்தார்கள். சோளத்தட்டைகள் முறிய முறிய, அறுபது எழுபது பேர் அந்த ஆறடி நிலத்துக்காகக் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் இன்னொருவனின் கையைக் கடித்துக்கொண்டே அல்லேலூயா என்றான். மறுத்துப் பேசிய ஜக்கையனின் முன்கையில் 'இரத்தசாட்சி' என்று வெட்டிய சலவைக்கல் விழுந்தது. கை இரண்டாக மடங்கியது. ஒரு மண்வெட்டி பேச்சியின் விரல்களில் இறங்கியது. அருள்பாண்டி அவளுடைய கூந்தலைப் பற்றி, "சகோதரி, ஒத்துழைக்கணும், ஒத்துழைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே குழியைவிட்டு இழுத்தார்.

வேலுச்சாமி ஜீப்புக்கு நடந்துபோனார். ஓடவில்லை. சீட்டுக்கடியில் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு நடந்தே வந்தார். அருள்பாண்டியின் தோளில் ஓங்கி அடித்தார். கியர் தப்பி விழும்போது வண்டியில் ஒரு சத்தம் வருமே, அப்படி எலும்பு உடைந்தது. கூந்தலைப் பிடித்த கை விடவில்லை. வேலுச்சாமி மறுபடி அடித்தார், கை விட்டது. கீழே விழுந்தவரின் முழங்காலில் மூன்றாவது அடி விழுந்தது. அது தேவையே இல்லாத அடி. அப்போது தன் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் பரவுவதை அவர் கவனித்தார். இத்தனை வருடத்தில் எந்த ஜெபத்திலும் அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அதைக் கண்டு பயந்து கம்பியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் வந்தது. பிடிபட்டவர்களை ஸ்டேஷன் முற்றத்தில் வரிசையாக உட்காரவைத்தார்கள். தலையில் கட்டு, கையில் கட்டு, மூக்கில் பஞ்சு. அருள்பாண்டி ஆசுபத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே புகார் கொடுக்க வந்திருந்தார். கை விரல்களில் துணி சுற்றிய பேச்சி வாசல் கதவோரம் நின்றாள்.

அருள்மொழி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொருவரும் தான் அடிபட்ட இடத்தைக் காட்டினார்கள். யாரை அடித்தாய் என்றதும், நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்றார்கள். நாற்பத்தொன்றாவது ஆள்வரை கேட்டுவிட்டு அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"நாப்பத்தொரு பேரு அடிபட்டிருக்கீங்க. ஒருத்தர்கூட அடிக்கலையா? அம்புட்டுப் பேரையும் காத்தா வந்து அடிச்சுச்சு?"

"சத்துருவாகிய சாத்தானின் கிரியை" என்றார் அருள்பாண்டி ஸ்ட்ரெச்சரிலிருந்து. அதை மட்டும் சூர்யபிரகாஷும் ஆமோதித்தார்.

வேலுச்சாமி எழுந்தார்.

"நான் அடிச்சேம்மா."

வரிசை முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

"யாரை?"

"அந்தா படுத்திருக்காரே, அவர. ஜாக்கிக் கம்பியால. மூணு அடி. ரெண்டு அடி பேச்சிய விடுறதுக்கு. மூணாவது அடி கோவத்துல. அது வேணும்னே அடிச்சது."

அருள்மொழி அவரை உற்றுப் பார்த்தார். இருபது வருட வேலையில் கேட்டறியாத ஒன்றைக் கேட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பேனாவை எடுத்தார். எழுத ஆரம்பித்தபோது வரிசையின் கடைசியிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"நானும்."

பாண்டித்துரை எழுந்து நின்றிருந்தான்.

"நீ யாரை அடிச்ச?"

"செத்தவர. கொம்பால. ஜெபம் பண்ணல. கண்ணு தொறந்துதேன் இருந்துச்சு." அவன் வேலுச்சாமியைப் பார்த்தான். "அவரு சொன்னதுல சிரிப்பு வந்துருச்சு எனக்கு. நான் சிரிச்சத ரப்பி பாத்துட்டாரு. அதுக்காகத்தேன் அடிச்சேன்."

சூர்யபிரகாஷ் உடனே எழுந்து, பாண்டித்துரை போன மாதமே சபையிலிருந்து நீக்கப்பட்டவன், அவனுக்கும் மேசியானிக் என்ற பெயருக்கும் சம்பந்தமில்லை என்றார். அருள்பாண்டி வலியோடு தலையை உயர்த்தி, வேலுச்சாமிக்குப் பேரவை கொடுத்த பெயர் இந்த நிமிடத்திலிருந்து ரத்து என்றார். இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

"அப்ப இவங்க ரெண்டு பேரும் எந்தக் கூட்டம்னு எழுத?" என்றார் அருள்மொழி.

அருள்மொழி வாசல் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா."

பேச்சி உள்ளே வந்தாள். பாண்டித்துரைக்கு முன்னால் வந்து நின்று வெகுநேரம் அவனைப் பார்த்தாள். அவன் தலை தானாகக் குனிந்தது. அவள் கை ஒருமுறை உயர்ந்தது. துணி சுற்றிய விரல்களைப் பார்த்துவிட்டு அதைக் கீழே இறக்கினாள்.

"இவங்க ரெண்டு பேரும் அடிச்சவங்கன்னு எழுதுங்க" என்றாள். "எம் புருசன் செத்துப்போனவருன்னு எழுதுங்க. அதுக்கு மேல யாருக்கும் ஒரு பேரும் வேணாம்."

அருள்மொழி அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார்.